அமைச்சர் பதில் சொல்லிவிட்டார், கேள்வியைப் படித்தீர்களா?

"...என்று மக்களவையில் எழுத்துபூர்வமாக அளித்த பதிலில் மத்திய இணை அமைச்சர் தெரிவித்துள்ளார்." நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் இந்த வாக்கியம் இல்லாமல் எந்த நாளிதழும் வருவதில்லை. மருத்துவக் கல்லூரி இடங்கள், மலக்குழி மரணங்கள், ரயில் நிறுத்தம், சுங்கச்சாவடி வசூல், வங்கிகளில் காலிப் பணியிடம் என்று நாட்டில் நடக்கிற எல்லாமே இந்த வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு செய்தியாகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு பிடிஎஃப் கோப்பு இருக்கிறது. காசு வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். படிக்கிறவர்கள்தான் குறைவு.

ஊர்ப் பிரச்சினைக்காக அலைகிறவர்கள், புதிதாகச் செய்தி எழுத வந்தவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நானும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பதிலின் கடைசிப் பக்கத்து அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, "ஒரே ஆண்டில்" என்று செய்தி எழுதினேன். மறுநாள் காலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பதிலை மட்டும் வாசித்திருக்கிறீர்கள் போல. கேள்வியில் 'கடந்த ஐந்து ஆண்டுகளில்' என்று இருக்கிறதே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் அதிகம் சுட்டது. கேள்வியைப் படிக்காமல் பதிலைத் தொடாதே என்று அன்று கற்ற பாடத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க வெவ்வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள்

கேள்வி எண்ணுக்கு முன்னால் சிறு நட்சத்திரம் இருந்தால் அது நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்ட உறுப்பினர் அதன்மேல் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அதற்குப் பிறகு அவைத்தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லையென்றால் பதில் தாளில் மட்டும் வரும். மேலே சொன்ன "எழுத்துபூர்வமாக அளித்த பதில்" பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அமைச்சர் அதை வாய் திறந்து சொல்லியிருக்கவே மாட்டார்.

மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230 வரை. மாநிலங்களவையில் 15, 160. இருபதும் அவையில் எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்பிவிடாதீர்கள். அமளி இல்லாத நல்ல நாளில்கூட ஐந்தாறு முடிவதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் இருபது கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இப்போதுதான் என்று அதுவே தலைப்புச் செய்தியானது. முறை வராத நட்சத்திரக் கேள்விகளின் பதில்கள் எழுத்தாக அவையின் மேசைக்குப் போய்விடும், ஆகவே பதில் எங்கும் தொலைவதில்லை. தொலைவது துணைக் கேள்விகள்தான்.

கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் 12 முதல் 1 வரை. மாநிலங்களவையிலும் முன்பு 11 மணிதான். தினமும் அமளியில் அடிபட்டுப்போகிறதே என்று 2014 நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். அமளியும் கூடவே தள்ளிப் போனது என்று சொல்வோரும் உண்டு.

அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, வாரத்தின் ஐந்து நாளுக்கும் ஒவ்வொன்றாக ஒதுக்கியிருப்பார்கள். ஆகவே ஓர் அமைச்சகம் ஓர் அவையில் வாரத்துக்கு ஒரு நாள்தான் பதில் சொல்லும். மக்களவையில் ரயில்வேக்கு அண்மைக் காலமாகப் புதன்கிழமை. உங்களுக்கு வேண்டிய அமைச்சகத்தின் நாளைக் கூட்டத்தொடர் தொடங்கும்போதே குறித்துக்கொண்டால் தினமும் துழாவ வேண்டியதில்லை.

இரண்டாம் படி: தேடுங்கள், ஆனால் இரண்டு மூன்று சொற்களில்

நாடாளுமன்றத்தின் இணையதளம் சன்சத் டாட் இன். மக்களவை, மாநிலங்களவை என்று இரண்டு வாசல்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கலாம் என்பதால் இரண்டிலும் நுழைந்து பாருங்கள். கேள்விகள் பகுதியில் அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி, கூட்டத்தொடர் என்று வடிகட்டலாம். கேள்வி நேரம் முடிந்த பிறகு அன்றைய பதில்கள் ஏறிவிடும். மிகப் பழையவை வேண்டுமானால் நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் 1952 முதலான விவாதத் தொகுதிகள் வருடிப் போடப்பட்டிருக்கின்றன.

பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பது நமக்குள்ள முதல் தடை. இரண்டாவது தடை தலைப்பு. கேள்விக்குத் தலைப்பு வைப்பது நாடாளுமன்றச் செயலகம், நாம் பேசுகிற சொல் அதில் இருக்காது. "மலக்குழி மரணம்" பற்றியதைக் கழிவுநீர், தொட்டி, துப்புரவுத் தொழிலாளர், கையால் மலம் அள்ளுதல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டுத் தேட வேண்டும். தலைப்பில் எதுவும் சிக்கவில்லையென்றால், அமைச்சகத்தை மட்டும் தேர்ந்து அந்தக் கூட்டத்தொடரின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை கண்ணால் ஓட்டுவதே நல்லது. அரைமணி நேரம் ஆகும். தேடாத இரண்டு நல்ல பதில்கள் வழியில் கிடைக்கும், அது கூடுதல் லாபம்.

மூன்றாம் படி: கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

எல்லாக் கேள்விகளும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன துறை அமைச்சர் தயவுசெய்து தெரிவிப்பாரா என்று தொடங்கி, (அ) இன்னது நடந்ததா, (ஆ) ஆமெனில் அதன் விவரங்கள், (இ) இல்லையெனில் காரணங்கள் என்று கிளை பிரியும். பதிலும் அதே எழுத்து வரிசையில் வரும். ஒரு தாளில் கேள்வியை மேலே எழுதி, பதிலை நேர் கீழே பொருத்திப் பாருங்கள். "(அ) முதல் (உ) வரை" என்று ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டிப் பதில் வந்திருந்தால் அங்கே நில்லுங்கள். ஐந்தில் ஒன்றிரண்டு அந்தக் கட்டுக்குள் காணாமல் போயிருக்கும். இது நான் ஆண்டுக்கணக்கில் பார்த்து வரும் வித்தை.

இப்போது ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் மக்களவையில் சமூக நீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே ஒரு பதில் அளித்தார். கழிவுநீர்க் கால்வாய்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது, 2020 டிசம்பர் 31 வரையான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்தார்கள் என்றது அது. உத்தரப் பிரதேசத்தில் 52, அடுத்த இடத்தில் தமிழ்நாடு 43. அதே ஆண்டு ஜூலையில், மாநிலங்களவையில், அதே அமைச்சரிடமிருந்து மற்றொரு பதில்: கையால் மலம் அள்ளுவதால் இறந்ததாக எந்தத் தகவலும் இல்லை.

பிப்ரவரியில் 340, ஜூலையில் ஒருவரும் இல்லை. அமைச்சர் பொய் சொல்லிவிட்டார் என்று பலர் கொதித்தார்கள். கொதிப்பு நியாயமானதுதான். ஆனால் காகிதத்தில் அவரைப் பிடிக்க முடியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதற்கு ஒரு வரையறையும், கழிவுநீர்த் தொட்டிகளை 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்' என்பதற்குத் தனியாக வேறு வரையறையும் வைத்திருக்கிறது. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் மரணம் இல்லை, இரண்டாம் சொல்லைப் போட்டுக் கேட்டால் மாநில வாரியாக எண்ணிக்கை வரும். தொட்டிக்குள் மூச்சு முட்டிச் செத்தவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. பதில் எழுதிய அதிகாரிக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு பதிலில் "இல்லை" என்று பார்த்ததும், கேள்வியில் இருக்கும் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று தேடுங்கள். பிறகு பக்கத்துச் சொல்லைப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள்.

அதே 2021 ஜூலையில் 20ஆம் தேதி இன்னொரு பதிலும் நாட்டையே உலுக்கியது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் கொரோனா இரண்டாம் அலையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. "யாரும் சாகவில்லை என்கிறது மத்திய அரசு" என்று செய்தி பறந்தது. தாளில் இருந்ததோ வேறு. பொதுச் சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, மரணங்களை மாநிலங்கள்தான் தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் 'குறிப்பாக'த் தெரிவிக்கவில்லை என்றது அது. 'குறிப்பாக' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஆயிரம் குடும்பங்கள் மறைந்து நின்றன. யார் கேட்டார்கள், யார் எண்ணினார்கள், எந்தப் படிவத்தில் எண்ணினார்கள் என்று பார்த்தால்தான் இப்படிப்பட்ட பதிலுக்குள் நுழைய முடியும். மரணச் சான்றிதழில் 'ஆக்சிஜன் இல்லாமல்' என்று எந்த மருத்துவமனை எழுதித் தரும்?

நான்காம் படி: வழக்கமான சொற்களைக் கண்டுகொள்ளுங்கள்

ஒரு கூட்டத்தொடர் முழுக்கப் படித்துவிட்டால் ஏறக்குறைய பத்துச் சொற்றொடர்கள் மனப்பாடமாகிவிடும். எல்லாவற்றையும் இங்கே அடுக்கத் தேவையில்லை, முக்கியமான சிலவற்றைச் சொல்கிறேன்.

"காவல் துறையும் பொது ஒழுங்கும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பொருள்கள்" என்று பதில் தொடங்கினால், கை கழுவப்போகிறார்கள் என்று பொருள். ஆனால் அங்கேயே மூடி வைத்துவிடாதீர்கள். "எனினும்" என்று அடுத்த பத்தி தொடங்கும். மத்திய அரசு எவ்வளவு நிதி கொடுத்தது, எந்தத் திட்டத்தில் கொடுத்தது என்பதெல்லாம் அந்த "எனினும்"முக்குப் பின்னால்தான் இருக்கும்.

"அத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை" என்பது இன்னொன்று. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்திருந்தார்கள், எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்துபோன புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள், குடும்பத்துக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று 14ஆம் தேதி தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு இல்லை என்றார்கள். இழப்பீடு? மேற்கண்டதன்படி அந்தக் கேள்வியே எழவில்லை என்றார்கள். எண்ணவில்லை, எண்ணாததால் இழப்பீடு பற்றிய கேள்வியும் கிடையாது. இப்படி ஒரு "இல்லை"யிலிருந்து இன்னொரு "இல்லை" முளைப்பதைப் பல பதில்களில் பார்ப்பீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். "தரவு இல்லை" என்று அரசு எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதும் ஒரு தகவல்தான். சில சமயம் அதுவே பெரிய செய்தி.

குற்றங்கள், தற்கொலைகள் பற்றிய பதில்களில் "தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கடைசியாக வெளியிட்ட அறிக்கை இன்ன ஆண்டுக்கானது" என்று வரும். 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கை வெளியானது 2023 டிசம்பரில். அதாவது பதிலில் உள்ள எண்ணுக்கு வயது எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாகவே இருக்கும். தலைப்பில் ஆண்டைப் போடாமல் எழுதினால் வாசகரை ஏமாற்றுகிறீர்கள்.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்." "பரிசீலனையில் இருக்கிறது." இவற்றைப் பார்த்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், இவைதாம் பிடி. இப்படிச் சொல்வது அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் வரும். அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும். தாமதமானால் கால நீட்டிப்பு கேட்க வேண்டும், கைவிடுவதென்றால் அதற்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாட்குறிப்பில் கேள்வி எண்ணையும் தேதியையும் எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களில் பலர் "பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டார்கள்" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஐந்தாம் படி: இணைப்பைப் படிக்காமல் கோப்பை மூடாதீர்கள்

பதிலின் சாறு கடைசிப் பக்கத்து மாநில வாரியான, மாவட்ட வாரியான அட்டவணையில் இருக்கும். அதைப் பார்க்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். எந்தத் தேதி வரை என்பது ஒன்று. தொகை லட்சத்திலா கோடியிலா என்பது அடுத்தது. மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் அதைக் கவனிக்காமல் நூறு மடங்கு பிழை செய்தவர்கள் உண்டு. கடைசியாக, நெடுவரிசையின் தலைப்பு. ஒதுக்கியது, விடுவித்தது, செலவிட்டது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கணக்குகள். ஆயிரம் கோடி ஒதுக்கினோம் என்று பதிலின் முதல் பத்தி மார்தட்டும், அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் செலவு ஒற்றை இலக்கத்தில் இருக்கும்.

ஆறாம் படி: ஒரே கேள்வியைக் காலவரிசையில் அடுக்குங்கள்

தனியாக ஒரு பதில் பெரிதாக எதையும் சொல்லாது. ஒரே பொருள் பற்றிய பதில்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் கதை தானாகப் புலப்படும். மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தது 2015 பட்ஜெட்டில். தோப்பூரை இடமாக முடிவு செய்தது 2018இல். அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது மதிப்பீடு 1,264 கோடி ரூபாய், கட்டி முடிக்க 45 மாதம். அதாவது 2022 செப்டம்பர். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தொடரிலும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பதில்களை வரிசையாக வைத்துப் படித்தால், சுற்றுச்சுவர் பணி என்று ஒரு காலம், ஜப்பான் நிறுவனமான ஜைக்காவின் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகக் காத்திருந்தது ஒரு காலம், 2021 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனபின் மதிப்பீட்டைத் திருத்தியது ஒரு காலம் என்று தெளிவாகப் பிரியும். திருத்திய மதிப்பீடு 1,977.80 கோடி, அதில் கடன் மட்டும் 1,627.70 கோடி. கட்டடம் எழுவதற்கு முன்பே 2022இல் 50 மாணவர்கள் சேர்ந்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிக்கத் தொடங்கினார்கள். "ஒற்றைச் செங்கல்" என்று மேடையில் கிண்டல் செய்வது எளிது. எந்தத் தேதி எந்த மாதம் நழுவியது, எந்த இடத்தில் நழுவியது என்று சொல்ல இந்தத் தாள்கள் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டம் போதும்: பதில் தேதி, சொன்ன முடிவு நாள், சொன்ன தொகை, சொன்ன காரணம்.

அமைச்சர்கள் தவறான பதிலைப் பின்னர் திருத்தவும் செய்வார்கள். பதிலைத் திருத்தும் அறிக்கை என்று தனியாக மேசையில் வைப்பார்கள். முதல் பதில் வெளியான அளவுக்கு அது செய்தியாவதில்லை, நீங்கள்தான் தேட வேண்டும்.

ஏழாம் படி: இனி நீங்கள் கேளுங்கள்

இதுவரை படித்தவர்களுக்கு இயல்பாகவே தோன்றும், நம் ஊருக்காக ஒரு கேள்வி கேட்க வைத்தால் என்ன? வைக்கலாம். உறுப்பினர் மூலமாகத்தான் முடியும், ஆனால் உங்கள் தொகுதி உறுப்பினராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிலங்களவை உறுப்பினர்கள் தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தேடிப் போவதில்லை என்பதால் ஓரளவு எளிதில் பிடிக்கலாம்.

விதிகள் கறாரானவை. பதில் வேண்டிய நாளுக்கு முன்பாக முழுதாகப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். ஆகவே உறுப்பினரின் அலுவலகத்துக்கு நீங்கள் குறைந்தது மூன்று வாரம் முன்பே போயிருக்க வேண்டும். மக்களவைக் கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், கிண்டல், வசை, குற்றச்சாட்டு கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. மாநில அரசின் பொருளாக இருந்தால் அங்கேயே தள்ளுபடி. இத்தனையும் தாண்டினாலும் குலுக்கல் இருக்கிறது. வந்து குவியும் நோட்டீஸ்களில் எது முன்னால் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மக்களவையில் ஒரு நாளில் ஒருவர் பெயரில் ஐந்து கேள்விக்கு மேல் இடம்பெறாது, அதில் நட்சத்திரம் ஒன்றுதான். "கொடுத்தேன், வரவில்லை" என்று உறுப்பினர் சொன்னால் உடனே சந்தேகப்படாதீர்கள், உண்மையாகவே இருக்கலாம்.

கேள்வி கேட்க வைக்கக் காசு கேட்கிறார் என்று எவராவது இடைத்தரகர் வந்தால் வந்த வழியே அனுப்பிவிடுங்கள். 2005 டிசம்பரில் ரகசிய கேமராவில் சிக்கியது இந்த வியாபாரம்தான். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக மக்களவையில் பத்துப் பேரும் மாநிலங்களவையில் ஒருவரும் பதவி பறிக்கப்பட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இனி வரைவுக்கு வருவோம். எங்கள் ஊரில் ஓர் அதிவிரைவு ரயிலின் நிறுத்தம் கொரோனா காலத்தில் பறிபோனது. பயணிகள் சங்கத்து அண்ணன் ஒருவர் எழுதிக்கொண்டு வந்த முதல் வரைவு இது: "பல்லாயிரம் மக்களின் வயிற்றில் அடித்து எங்கள் ஊர் நிறுத்தத்தை ரயில்வே பறித்தது ஏன்? ஏழைகள் என்றால் இளக்காரமா?" நியாயமான கோபம், ஆனால் நுழைவாயிலிலேயே நின்றுவிடும். வாதம் இருக்கிறது, குற்றச்சாட்டு இருக்கிறது, பதில் சொல்ல ஓர் எண்கூட இல்லை.

"அண்ணே, அவர் மழுப்ப முடியாதபடி கேட்போம்" என்று உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

(அ) இன்ன நிலையத்தில் 2019-20 முதல் ஆண்டுவாரியாக ஏறிய பயணிகளின் எண்ணிக்கையும் டிக்கெட் வருமானமும் எவ்வளவு;

(ஆ) 2020 மார்ச்சுக்கு முன் அந்த நிலையத்தில் நின்ற ரயில்களில் எவற்றின் நிறுத்தம் இன்னும் திரும்பத் தரப்படவில்லை;

(இ) அவற்றைத் திரும்பத் தரக் கோரி வந்த மனுக்கள் எத்தனை, ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவும் தேதியும் என்ன;

(ஈ) ஒரு ரயிலுக்கு நிறுத்தம் வழங்க ரயில்வே வைத்திருக்கும் குறைந்தபட்ச வருமான அளவுகோல் என்ன.

அண்ணனுக்குத் திருப்தியில்லை. "உப்பில்லாத கூழ் மாதிரி இருக்கிறதே தம்பி" என்றார். இருக்கட்டும் என்றேன். உப்பைத் துணைக் கேள்வியில் போட்டுக்கொள்ளலாம். தாளில் எழுதிவந்த பதில் தீர்ந்துபோய் அமைச்சர் தன் சொந்த வாயால் பேசியாக வேண்டிய இடம் அதுதான். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டது பற்றி 1957இல் மக்களவையில் எழுந்த கேள்விகள், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் ராஜினாமாவில் போய் முடிந்தன. அவரும் நம் ஊர்க்காரர்தான். அந்த விவகாரத்தை அவையில் எழுப்பிய உறுப்பினர் பெரோஸ் காந்தி கூச்சல் போட்டு அதைச் சாதிக்கவில்லை, தேதியும் தொகையும் கையில் வைத்திருந்தார்.

இன்னும் ஒரு சிறு எச்சரிக்கை. வரைவைத் தமிழில் கொடுத்தால் உறுப்பினரின் அலுவலகத்தில் ஆங்கிலமாக்குவார்கள். அந்த ஆங்கிலத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 'நிலையம்' என்பது 'கோட்டம்' ஆகிவிட்டால் மதுரைக் கோட்டம் முழுவதற்கும் கூட்டிக் கணக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

எங்கள் கேள்வி முதல் கூட்டத்தொடரில் குலுக்கலில் போனது. அடுத்ததில் நட்சத்திரம் இல்லாத கேள்வியாக இடம்பிடித்தது. புதன்கிழமை மதியம் பதிலை இறக்கினோம். "ரயில் நிறுத்தம் வழங்குவது, இயக்கச் சாத்தியத்தையும் போக்குவரத்துத் தேவையையும் பொறுத்த தொடர்ச்சியான நடைமுறை" என்று ரயில்வேயின் பழைய பல்லவி முதல் வரியிலேயே இருந்தது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இதற்கா இவ்வளவு அலைச்சல்?" என்றார். நான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். (அ)வுக்கான இணைப்பில் எங்கள் நிலையத்தின் பயணிகள் எண்ணிக்கையும் வருமானமும் ஆண்டுவாரியாக இருந்தன. ரயில் நிற்காத ஆண்டுகளிலும் வருமானம் ஏறியிருந்தது. நிலைய அலுவலகத்தில் பல முறை கேட்டும் கிடைக்காத எண்கள், அமைச்சரின் பெயரோடு. அதை நான்கு பிரதி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கோட்ட அலுவலகத்துக்குக் கிளம்பினோம்.